எங்கள் ஊரில் ஆண்கள் கேன்சரில் சாவது கூடிவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

காவேரிக்கரையான் கேட்டது:

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பவானிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். எங்கள் வார்டும் பின்பக்கத்து வார்டும் சேர்த்தால் ஆண்கள் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருப்போம் (வாக்காளர் பட்டியலை எண்ணி, பையன்களைக் குத்துமதிப்பாகச் சேர்த்த கணக்கு). இந்த 4 வருடத்தில் இங்கே 5 ஆண்கள் கேன்சரில் போய்விட்டார்கள். கடைசியாகப் போனது எங்கள் பெரியப்பா, போன மாதம்தான் காரியம் முடிந்தது.

காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு, முன்னெல்லாம் இப்படி இல்லை, இப்போது வீட்டுக்கு வீடு கேன்சர் என்று. ஊர் வாட்ஸப் குழுவில் வேறு, நம் மாவட்டத்தில் ஆண்களின் புற்றுநோய் மரணம் இருமடங்காகிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் ஒரு படம் சுற்றுகிறது. எங்கிருந்து எடுத்தது என்று கேட்டேன், கை கூப்பும் பொம்மைதான் பதிலாக வந்தது.

சரி, நாமே போய்க் கேட்போம் என்று பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். இறப்பு எத்தனை என்றால் சொல்லலாம், கேன்சரில் எத்தனை என்றால் எங்களால் சொல்ல முடியாதுங்க, வீட்டில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் வயது மூப்பு, நெஞ்சுவலி என்றுதான் எழுதி வருகிறது என்றார். பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், அதில் காரணம் என்ற கட்டமே இல்லை!

என் சந்தேகம் இதுதான். ஆயிரம் ஆண்களில் 4 வருடத்தில் 5 என்பது அதிகமா இல்லையா? மாவட்டத்துக்கு உண்மையான கணக்கு யாரிடமாவது இருக்கிறதா? இணையத்தில் தேடினால் 'லட்சத்துக்கு இத்தனை, வயது சரிக்கட்டியது' என்று ஏதோ வருகிறது, வயதை எதற்குச் சரிக்கட்ட வேண்டும்? நான் பிகாம், கணக்கு வரும், மருத்துவம் வராது. புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

தறிக்காரன்:

இதில் என்ன சந்தேகம் தம்பி. சாயத்தண்ணி. நொய்யல் ஆறு என்ன கதியானது என்று பார்த்தோம், 2011ல் ஹைகோர்ட்டே திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நம் பக்கமும் அதே சாயம்தான், அதே தண்ணீர்தான். 5 பேர் செத்திருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்.

பழைய பதிவாளன்:

தம்பி காவேரிக்கரையான், பெரியப்பாவுக்கு என் அஞ்சலி. நான் புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுதி வருகிற வேலை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் 5. இந்தியாவில் 2022ல் புற்றுநோய் மரணம் மொத்தம் 9 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது, அதில் ஏறக்குறைய பாதி ஆண்கள். அதை வைத்து, கணக்குக்காக, லட்சம் ஆண்களுக்கு வருடத்துக்கு 60 மரணம் என்று எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு 0.6. நாலு வருடத்துக்கு 2.4. நீங்கள் பார்த்தது 5, எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு! உடனே பயப்படத் தோன்றும். ஆனால் சின்ன எண் எப்போதும் துள்ளும். சராசரி 2.4 இருக்கிற இடத்தில் வெறும் தற்செயலாகவே 5 அல்லது அதற்கு மேல் வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது (அரிதாக நடப்பதற்கு வாய்ப்புக் கணக்கிடுகிற பாய்சான் சூத்திரம், பிகாமில் படித்திருப்பீர்கள்). தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்நூறு பேரூராட்சி, ஒவ்வொன்றிலும் பதினைந்து பதினெட்டு வார்டு, இரண்டிரண்டு வார்டாகக் கட்டினால் சில ஆயிரம் கட்டு வரும். அதில் பத்தில் ஒன்று என்றால் இந்த நிமிடத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களில் யாரோ ஒருவர் காரியப் பந்தலில் உட்கார்ந்து உங்கள் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருமே சாகாத இரண்டு வார்டும் அதே போல நூற்றுக்கணக்கில் இருக்கும், அங்கிருந்து யாரும் இங்கே வந்து எழுத மாட்டார்கள்.

சின்ன வயதில் பம்பரம் ஆடியிருப்பீர்கள். வட்டத்தை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பம்பரம் விட வேண்டும். செத்தவர்களை எண்ணிவிட்டு, அவர்களைச் சுற்றி இந்தத் தெரு, பின்தெரு, இந்த நாலு வருடம் என்று கோடு கிழிப்பது, பம்பரம் நின்ற இடத்தில் வட்டம் போடுகிற ஆட்டம். நீங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறோம். ஆனால் ஏன் ஒரு வார்டில் நிறுத்தாமல் பின்வார்டையும் சேர்த்தீர்கள், ஏன் ஐந்து வருடமோ மூன்று வருடமோ இல்லாமல் நாலு வருடம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இனி வயது. இரண்டு கிராமம் என்று வையுங்கள், இரண்டிலும் ஆயிரம் ஆண்கள். முதல் ஊரில் 60 தாண்டியவர்கள் 100 பேர். இரண்டாவது ஊரில் பையன்கள் பாதிப் பேர் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், அங்கே 60 தாண்டியவர்கள் 200 பேர். நோய் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான், 60 தாண்டியவர்களில் லட்சத்துக்கு 400, அதற்குக் கீழே லட்சத்துக்கு 25 என்று எடுத்துக்கொள்ளுங்கள் (உதாரணத்துக்குத்தான்). போட்டுப் பாருங்கள். முதல் ஊருக்கு லட்சத்துக்கு 62.5 வரும், இரண்டாவது ஊருக்கு 100. எந்த ஒரு ஆளுக்கும் ஆபத்து ஒரு துளி கூடவில்லை, ஆனால் வீதம் ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால்தான் எல்லா ஊரையும் ஒரே வயதுக் கட்டமைப்பு உள்ள கற்பனை ஊராக மாற்றி வைத்துப் பார்க்கிறோம். நம் பதிவேடுகள் எடுத்துக்கொள்கிற உலக மாதிரி மக்கள்தொகையில் லட்சம் பேரில் 60 தாண்டியவர்கள் 11,000 பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம், அதற்கு அப்புறம் இன்னும் கூடியிருக்கிறது. ஆகவே நம் ஊர்களில் கேன்சர் சாவு எண்ணிக்கையில் கூடித்தான் ஆக வேண்டும். 'முன்னெல்லாம் இப்படி இல்லை' என்பது பொய் இல்லை, முன்னெல்லாம் இத்தனை கிழவர்களும் இல்லை.

டூட்டி டாக்டர்:

இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. 1969ஆம் வருட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே வெளியே கொடுக்கிற நகலில் காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது. காரணம் எழுதுவது தனித் தாள். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்து கடைசி நோய்க்குப் பார்த்த டாக்டர் இருந்தால் படிவம் 4ஏ. 2023ல் சட்டம் திருத்திய பிறகு அந்தத் தாளின் நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்கலாம்.

அந்தத் தாளை நிரப்புகிற ஆள் என்ற முறையில் ஒரு உண்மையைச் சொல்கிறேன். ராத்திரி 2 மணிக்கு, வெளியே சொந்தக்காரர்கள் ஆம்புலன்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு நிற்கும்போது, நான் வேலை பார்த்த இடங்களில் 'இதயமும் மூச்சும் நின்றது' என்று முதல் வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு விட்டுவிடுவது சர்வ சாதாரணம். யார் செத்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணமே இல்லை. படிவத்தில் அ, ஆ, இ என்று கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும், மூச்சு நின்றது எதனால், நிமோனியாவால், நிமோனியா எதனால், நுரையீரல் கட்டியால் என்று. கடைசி வரியில் வருவதுதான் புள்ளிவிவரத்தில் ஏறும். அந்தக் கடைசி வரி காலியாக இருந்தால் ஒரு கேன்சர் மரணம் இதயக் கணக்கில் போய்ச் சேரும். பயிற்சி டாக்டராக இருந்த முதல் வருடம் நானும் எழுதியிருக்கிறேன்.

இதெல்லாம் தாள் எழுதப்பட்டால்தான். 2020ல் இந்தியா முழுக்கப் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் டாக்டர் காரணம் எழுதிய தாள் இருந்தது. தமிழ்நாட்டில் அதைவிட நிறையவே கூடுதல், ஆனாலும் முழுமை இல்லை. கேன்சர் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் வேறு இருக்கிறது. முத்திப்போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லி அனுப்புகிறோம். வீட்டில் சாகிறார்கள். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம் யாராவது போய்ச் சொல்கிறார்கள், டாக்டர் பக்கத்திலேயே இல்லை, என்ன நோய் என்று கேட்டால் கேன்சர் என்ற வார்த்தையைச் சொல்ல வீட்டில் மனசு வராது, பெண் கட்டிக்கொடுக்க வேண்டும் இல்லையா. உடம்பு முடியாமல் இருந்தார் என்பார்கள்.

கோவை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு கோவையில், உங்கள் பேரூராட்சிப் புத்தகத்தில் வராது. சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு.

காவேரிக்கரையான்:

பதிவாளன் ஐயாவுக்கும் டாக்டருக்கும் நன்றி. பம்பரம் கணக்கு நெஞ்சில் குத்திவிட்டது. பின்வார்டைச் சேர்த்ததே அங்கே ஒருத்தர் போனது எனக்குத் தெரிந்ததால்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இப்போது குழப்பம் கூடிவிட்டது. புத்தகம் பொய் சொல்கிறது, என் எண்ணிக்கையும் செல்லாது என்றால் யாரைத்தான் நம்புவது? கூடியதா குறைந்ததா என்று தெரியவே தெரியாதா?

பழைய பதிவாளன்:

தெரியும். அதற்குத்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 1981 டிசம்பரில் ஆரம்பித்தது. சென்னைக்கு அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பதிவேடு, 1982லிருந்து கணக்கு இருக்கிறது, நாற்பது வருடத்துக்கு மேல். அப்புறம் 2012லிருந்து மாநிலம் முழுவதுக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம், அதிலும் ஒருங்கிணைப்பு அடையாறுதான். மாவட்ட வாரியாக ஆண் தனி, பெண் தனி, உறுப்பு தனி என்று போட்டிருக்கிறார்கள். ஈரோடும் அதில் இருக்கிறது. உங்கள் வாட்ஸப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை எடுத்துப் படியுங்கள்.

பதிவேட்டு வேலை எப்படி நடக்கும் என்றால், நோயாளி வந்து பதிய மாட்டார், நாங்கள்தான் போய்த் தேட வேண்டும். பயாப்சி (சதையை எடுத்துச் சோதிப்பது) லேப், ஸ்கேன் சென்டர், கரண்ட் வைக்கிற (கதிர்வீச்சு சிகிச்சை) இடம், கடைசியில் மாநகராட்சி இறப்புப் புத்தகம். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று பெயரில் இருப்பார். ஓரிடத்தில் ரா. முருகேசன், இன்னோரிடத்தில் முருகேஷ், அப்பா பெயர் இல்லை, மூன்றாவது இடத்தில் வெறும் முருகன், வயது 60க்குப் பதில் 65, முகவரி மகள் வீட்டு முகவரி. மூன்றும் ஒரே முருகேசன்தான் என்று கண்டுபிடிக்கவில்லை என்றால் நோய் மூன்று மடங்காகிவிடும்! சாயங்காலம் முழுக்க அட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு இதைத்தான் செய்வோம். இறப்புப் புத்தகத்தில் கேன்சர் என்று இருந்து எங்கள் அட்டையில் ஆள் இல்லை என்றால் வீட்டைத் தேடிப் போவோம்.

சென்னையில் இன்னொரு வேலையும் நடந்தது, எனக்கு மிகவும் மரியாதையான வேலை. 1995லிருந்து 97 வரை இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் போய், எப்படி இறந்தார், முன்னால் என்ன தொல்லை இருந்தது என்று கேட்டு எழுதினார்கள், வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் இன்னும் சிலரும். 25லிருந்து 69 வயதுக்குள் இறந்தவர்களில் காரணம் சரியாக இல்லாமல் கிடந்தது 37 சதவீதம், வீட்டில் போய்க் கேட்ட பிறகு அது 7 சதவீதமாக இறங்கிவிட்டது. கேட்டவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்கள். புத்தகம் சொல்லாததை வீடு சொல்லும். அதே குழு சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலுமாக 43,000 ஆண்களின் மரணத்தை எடுத்துப் புகைபிடித்தவர் யார் யார் என்று பார்த்தது. பீடி சிகரெட் என்றால் கேன்சர் மட்டும்தான் நமக்கு ஞாபகம் வரும், அங்கே பெரிய அதிர்ச்சி காசநோய், புகைபிடிக்கிற ஆண்கள் அதில் நாலு மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள்.

இனி கூடியதா குறைந்ததா. 'கேன்சர்' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது, உறுப்பு உறுப்பாகக் கேட்க வேண்டும். சென்னை ஆண்களுக்குப் பல வருடம் முதலிடம் வயிறுதான், இரைப்பை. வயது சரிக்கட்டிப் பார்த்தால் அது இறங்கிக்கொண்டே வருகிறது. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்தது, உப்பில் போட்டு வைத்த சாப்பாடு குறைந்தது, ஹெலிகோபாக்டர் என்ற வயிற்றுக் கிருமியின் தொற்று குறைந்தது என்று காரணம் சொல்வார்கள். நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் மூன்றும் ஏறுகின்றன. ஒன்று இறங்கி ஒன்று ஏறும்போது மொத்தத்தைக் கூட்டினால் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும், உள்ளே எல்லாம் மாறிப்போயிருக்கும்.

போக்கு என்று சொல்ல குறைந்தது பத்து வருடமாவது வேண்டும், ஒவ்வொரு புள்ளியும் மூன்று வருடச் சராசரியாக இருந்தால் நல்லது. போன வருடம் 9, இந்த வருடம் 14 என்பதெல்லாம் போக்கே இல்லை. 15,000 ஆண்கள் இருக்கிற பேரூராட்சிக்கு வருடம் 9 மரணம் சராசரி என்றால் எதுவுமே மாறாமல் ஒரு வருடம் 4 வரலாம், இன்னொரு வருடம் 15 வரலாம். 2020, 21 இரண்டையும் தனியாக வையுங்கள், கொரோனாவில் ஆஸ்பத்திரிக்கே யாரும் போகவில்லை, அந்த வருடம் கண்டுபிடிப்பு குறைந்ததை நோய் குறைந்தது என்று படித்துவிடக் கூடாது.

தறிக்காரன்:

எல்லாம் சரி ஐயா, பெரிய பெரிய கணக்கு. சுருக்கமாகச் சொன்னால், நீங்களும் தண்ணீர் சுத்தம், சாயப்பட்டறை சுத்தம் என்று சர்டிஃபிகேட் கொடுக்கிறீர்கள். ஆற்றுக்கு வந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு எழுதுங்கள்.

பழைய பதிவாளன்:

கோபம் நியாயம்தான். நான் குடிக்க மாட்டேன். சாயத்தண்ணீரை ஆற்றில் விடுவது தப்பு, அதற்கு யாரும் சாக வேண்டிய அவசியம் இல்லை, தப்பு தப்புதான். ஆனால் இந்த 5 சாவை அதற்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்தே நிமிடத்தில் உடைத்துவிடுவார். பாதிக்கப்பட்டவர்களுக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

ஒரு பொருள் நோயைக் கொண்டுவருகிறது என்றால் அதற்கென்று ஒரு சாயல் இருக்கும். ஒரே வகைப் புற்று திரும்பத் திரும்ப வரும், வரக் கூடாத வயதில் வரும், அந்தத் தண்ணீரையோ அந்த வேலையையோ தொட்டவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். சாயத்தில் அமீன் வகை ரசாயனங்களைக் கையாண்ட தொழிலாளிகளுக்கு சிறுநீர்ப்பைப் புற்று வருகிறது என்று கண்டுபிடித்தது அப்படித்தான், ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு முன்பே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் பட்டறையில் உள்ளே நின்று வேலை செய்தவர்களில் சிறுநீர்ப்பைப் புற்று எத்தனை என்று யாராவது எண்ணினால் முதல் ஆளாக நான் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

இன்னொன்று, 2020ல் வந்த தேசியப் பதிவேட்டு அறிக்கையைப் பார்த்தால் ஆண்களுக்கு அதிகம் வருவது மிசோரம் ஐஸ்வால் மாவட்டத்தில், வயது சரிக்கட்டி லட்சத்துக்கு 269.4. இது சாவு இல்லை, புதிதாக நோய் வந்தவர்கள். சாயப்பட்டறையே இல்லாத மலை. அங்கே புகையிலையைப் பிடிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், புகையிலைப் புகை ஏற்றின தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்கிறார்கள். மிகக் குறைவு மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்), பீட் பக்கம், 39.5. ஆனால் இந்தக் குறைவைப் பார்த்தும் உடனே சந்தோஷப்பட மாட்டேன். அங்கே நோய் குறைவா, கண்டுபிடிக்கிற ஆஸ்பத்திரி குறைவா என்று முதலில் கேட்பேன்.

மல்லிகா_கோபி:

நான் கணக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. எங்க அப்பா தறியில் நாற்பது வருடம், ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது, பல் குத்துகிறது என்று பல் டாக்டரிடம் போய் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். புண் ஆறவில்லை. மறுபடி மருந்துக்கடையில் வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற மருந்து, ஏழு மாதம் தடவினார். கரண்ட் வைக்கப் போனபோது கழுத்தில் கட்டி வந்துவிட்டது.

இப்போது பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள், 2023 கடைசியில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 4 மாவட்டத்தில் முதலில் ஆரம்பித்தார்கள், வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றும் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் பொம்பளைகள் எல்லோரும் போனோம். ஆம்பளைகளைக் கூப்பிட்டால் வாயைத் திறந்து காட்டவா, எனக்கு ஒன்றும் இல்லை, நீ போ என்கிறார்கள். டார்ச் அடித்து வாயைப் பார்க்க ஒரு நிமிடம். அதற்கு வர மாட்டார்கள், காரியப் பந்தலில் உட்கார்ந்து தண்ணீரைத் திட்டுவார்கள். தறிக்கார அண்ணா கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் போனீர்களா?

டூட்டி டாக்டர்:

மல்லிகா அக்கா சொன்னதிலிருந்து ஒன்று. இப்படி வீடு வீடாகப் பார்க்கும்போது ஈரோட்டில் வாய்ப் புற்று எண்ணிக்கை முதல் சில வருடம் ஏறத்தான் செய்யும், ஏற்கெனவே உள்ளே இருப்பதை இப்போதுதான் பார்க்கிறோம். அப்போது அதையும் ஒருத்தர் சிவப்பு எழுத்தில் படமாகப் போடுவார். இன்சூரன்ஸ் கார்டு வந்த பிறகும் இதுதான் நடந்தது. முன்பு வயிற்றில் கட்டி என்று சொல்லி வீட்டிலேயே செத்தவர், இன்று ஸ்கேன், பயாப்சி எல்லாம் எடுத்துப் பெயர் தெரிந்து சாகிறார். கண்டுபிடிப்பு ஏறி, சாவு வீதம் அப்படியே நின்றால் அது ஒரு கதை, இரண்டும் சேர்ந்து ஏறினால் வேறு கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பேசக் கூடாது.

தறிக்காரன்:

போகவில்லை அக்கா. போகிறேன்.

காவேரிக்கரையான்:

மன்னிக்கவும், பத்து நாள் கழித்து வருகிறேன். பதிவாளன் ஐயா எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு 5 வீட்டுக்கும் போய்வந்தேன். நான் தனியாகப் போயிருந்தால் ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள், அம்மா போய் உட்கார்ந்து காப்பி குடித்து அழுது முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

முதல் வீடு, கேன்சரே இல்லை. குடியில் கல்லீரல் சுருங்கிப்போய் வயிற்றில் நீர் கட்டியிருந்திருக்கிறது, வயிறு வீங்கியதைப் பார்த்து ஊர் கட்டி என்று சொல்லிவிட்டது. இரண்டாவது வீட்டில் போனவர் அந்த வீட்டு மருமகனின் அண்ணன், இருபது வருடமாகத் திருப்பூரில் இருந்தவர், கடைசி மூன்று வாரம் மட்டும் இங்கே வந்து படுத்திருந்தார். ஆக என் 5 மூன்றாகிவிட்டது. ஆனால் அம்மா பேச்சுவாக்கில் கேட்டதில் எதிர்வீட்டு மாமா, நாங்கள் எல்லோரும் மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர், உணவுக்குழாயில் புற்று வந்து கஞ்சி கூட இறங்காமல் போனவர் என்று தெரிந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லாமல் விட்டார்களாம். ஆக 4.

வயது 58, 63, 66, 71. வயிறு ஒன்று, வாய் ஒன்று, நுரையீரல் ஒன்று, உணவுக்குழாய் ஒன்று. ஒரே வகை இல்லை. வயிற்றுக்காரர் தவிர மூன்று பேரும் பீடி, அதில் ஒருவருக்குப் புகையிலையும். பட்டறையில் வேலை செய்தவர் ஒருத்தர்தான்.

பெரியப்பாவின் மஞ்சப் பையைப் பெரியம்மா எடுத்துக் கொடுத்தார், எல்லாச் சீட்டும் அதற்குள் இருந்தது. தேதி வாரியாகத் தரையில் பரப்பி வைத்தேன். முதல் சீட்டு கேஸ் ட்ரபிளுக்கு மாத்திரை. அதற்கப்புறம் வெவ்வேறு கையெழுத்தில் அதே மாத்திரை ஆறு தடவை. வயிற்றுக்குள் ட்யூப் விட்டுப் பார்த்த சீட்டு எட்டாவது மாதத்தில்தான் வருகிறது. அந்த எட்டு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்தார், நாங்கள் சுகருக்கு நல்லதுதான் இளைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஐயா, மீதி 13 வார்டுக்கும் இப்படிப் போகலாம் என்று நினைக்கிறேன். எதை எதை எழுதி வைக்க வேண்டும்?

பழைய பதிவாளன்:

பெயர் எழுதாதீர்கள், அது முதல். வயது, எந்த உறுப்பு, எந்த மாதம் முதல் தொல்லை ஆரம்பித்தது, எந்த மாதம் பயாப்சி, எந்த மாதம் இறப்பு, சீட்டு பார்த்து எழுதியதா வாய்வழிக் கேட்டதா. புகை, புகையிலை, குடி, என்ன வேலை, எத்தனை வருடம். கடைசியாக அந்த ஊரிலேயே எத்தனை வருடம் குடியிருந்தார், இது முக்கியம், திருப்பூர்க்காரர் கதை இன்னும் வரும். எல்லா ஆண் மரணத்துக்கும் கேளுங்கள், கேன்சர் என்று சொன்ன வீட்டுக்கு மட்டும் போனால் எதிர்வீட்டு மாமா கிடைக்க மாட்டார். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள். வட்டம் முதலில்.

காவேரிக்கரையான்:

2015 ஜனவரியிலிருந்து 2024 டிசம்பர் வரை. எழுதியாச்சு. நோட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை 7ஆம் வார்டு, அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

தறிக்காரன்:

7ஆம் வார்டு நம்ம வார்டுதான் தம்பி, காலையில் நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள், நான் கூட வருகிறேன். வாயைக் காட்டிவிட்டு வந்தேன், ஒன்றும் இல்லையாம், பீடியை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.